பன்றி விருந்துக்கு எந்தப் பழைய ஒயின்? பினாங்கு மேசைக்கான ஓர் ஒப்பீடு

எட்டுப் பேருக்கு முழுக்க முழுக்கப் பன்றி இறைச்சியில் ஒரு விருந்து. முதலில் லோபாக் (சோயாத் தோலில் சுற்றிப் பொரித்த பன்றி இறைச்சி). அடுத்துத் தோல் மொறுமொறுக்கும் சியோ பாக் (கோலாலம்பூர்க்காரர்கள் சியூ யோக் என்பார்கள்). பிறகு கறுப்புக் கிச்சாப்பில் (சோயா சாஸ்) வேகவைத்த தௌ யூ பாக், மிளகு போட்ட இரைப்பை சூப், நம் வீட்டு வறுவல், கடைசியில் சாகோ குலா மலாக்கா (வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய ஜவ்வரிசி இனிப்பு). இவற்றோடு பத்து, பதினைந்து, இருபது ஆண்டு முதிர்ந்த ஒயினைத் திறக்கப்போகிறோம் என்றால் எதை வாங்குவது? பிரான்சின் போர்டோவா, பர்கண்டியா, இத்தாலியின் பரோலோவா, ஸ்பெயினின் ரியோஹாவா, ஜெர்மன் ரீஸ்லிங்கா, போர்ச்சுகலின் மடெய்ராவா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிவப்பில் ரியோஹா க்ரான் ரெசர்வா (தயாரித்தவரே நெடுநாள் முதிரவைத்து விற்கும் வகை), வெள்ளையில் முதிர்ந்த ரீஸ்லிங், இனிப்புக்கு மடெய்ரா. இவை உலகிலேயே உயர்ந்தவை என்பதால் அல்ல. இந்தச் சமையலுக்கும் இந்த ஊர் வெக்கைக்கும் தாங்கி நிற்பவை இவைதாம். ஆனால் எந்தப் போத்தல் என்பதைவிட, எந்தப் பதார்த்தம் எப்போது மேசைக்கு வருகிறது என்பதே விருந்தின் வெற்றியைத் தீர்மானிக்கும். நம் வீடுகளில் கிளாஸைக் கையில் எடுத்ததும் கடித்துக்கொள்ள வறுவல்தான் முதலில் வரும். பழைய சிவப்பு ஒயின் திறக்கும் நாளில் அந்த வழக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். மிளகாயின் எரிச்சல் கால் மணி நேரமாவது நாக்கில் நிற்கும். அதன்மேல் இருபது ஆண்டு ஒயினை ஊற்றினால் தெரிவது புளிப்பும் சாராயச் சூடும் மட்டுமே.

முதுமை என்ன செய்கிறது

கொட்டைப்பாக்கை மென்றால் வாயை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். இளம் சிவப்பு ஒயினிலும் அதுதான் இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக டானின் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனமாகி வண்டலாகப் படியும். ஒயினின் நிறம் ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்கு வரும். பழ வாசம் வடிந்து, உலர்ந்த அத்தி, புகையிலை, தோல், காளான், மழைக்குப்பின் ஈர இலை போன்ற வாசங்கள் எழும். வெள்ளை ஒயின் இதற்கு நேர்மாறாக நிறம் ஏறிப் பொன்னாகும். தேனும் வறுத்த ரொட்டியும் போல மணக்கும்.

இவற்றில் மாறாமல் நிற்பது புளிப்பு. பன்றிக் கொழுப்பை வாயிலிருந்து கழுவிக்கொண்டு போவதும் அந்தப் புளிப்புத்தான். ஆகவே முதிர்ந்த ஒயினும் பன்றியும் இயல்பாகவே நல்ல ஜோடி. இடையூறு இறைச்சியால் வருவதில்லை. அதன்மேல் நாம் பூசுவதிலும் அதோடு தொட்டுக்கொள்வதிலும் இருந்து வருகிறது: மிளகாய், வினிகர், கடுகு, கிராம்பு, அளவுக்கு மீறிய சர்க்கரை.

நான்கு சிவப்புகள்

போர்டோ பற்றித்தான் முதலில் எல்லோரும் கேட்பார்கள். பெயர் அப்படி. காபர்னே சாவின்யோன் திராட்சை அதிகமுள்ள, ஆற்றின் இடக்கரைப் போர்டோ இருபது ஆண்டு தாண்டினாலும் டானினை முழுதாக விடுவதில்லை. தேவதாரு மரமும் புகையிலையும் மணக்கும் அந்த ஒயினுக்கு ஆட்டுத்தொடை பொருந்தும், மாட்டிறைச்சி பொருந்தும். சியோ பாக்கோடும் குற்றமில்லை. ஆனால் கிச்சாப் குழம்பு பட்டால் கசப்பு மேலெழும். கிச்சாப்பிலுள்ள, இறைச்சிச்சாறு போன்ற உமாமி சுவை ஒயினின் பழத்தைத் தணித்து, துவர்ப்பையும் கசப்பையும் தூக்கிக் காட்டும். கிச்சாப்பில் உள்ள உப்பு அதைக் கொஞ்சம் தணிக்கும் என்றாலும், டானின் மிச்சமுள்ள ஒயினுக்கு அது போதாது. போர்டோவுக்குக் கொடுக்கும் விலையில் பாதிக்கு மேல் பெயருக்குப் போகிறது. இந்த மேசையில் அந்தப் பெயருக்கு வேலையில்லை.

பர்கண்டியின் பினோ நுவார் திராட்சையின் கதை வேறு. டானின் குறைவு, புளிப்பு நிறைவு. முதிர்ந்தபின் அதில் வரும் காளான் வாசமும் தௌ யூ பாக்கின் குழம்பு வாசமும் அண்ணன் தம்பி போலிருக்கும். தட்டில் பார்த்தால் இதற்கு மேல் பொருத்தம் கிடையாது. ஆனால் நான்கில் இதுதான் மென்மையானது. பயணத்தில் ஒருமுறை சூடு பட்டிருந்தாலே வாசம் போய்விடும். ஒரே தோட்டத்தின் ஒரே ஆண்டு ஒயினிலும் ஒரு போத்தல் அற்புதமாகவும் மற்றது வெறுமையாகவும் இருப்பது பழைய பர்கண்டியில் சாதாரணம். போத்தல் இத்தனை ஆண்டும் எங்கே, எந்தக் குளிரில் கிடந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். தெரியாவிட்டால் கடைக்காரர் எவ்வளவு பரிவாகச் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

பரோலோ வட இத்தாலியின் நெபியோலோ திராட்சையில் செய்யும் ஒயின். நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. வெளிறிய சிவப்பு, ஆனால் டானினும் புளிப்பும் இரண்டுமே உச்சம். சட்டப்படி குறைந்தது 38 மாதம் முதிரவைத்த பிறகே விற்கலாம், அதில் 18 மாதம் மரத்தில். உண்மையில் 15 ஆண்டுக்குப் பிறகுதான் அது வாய் திறந்து பேசும். ரோஜாவும் தாரும் கலந்த வாசம். சியோ பாக்கின் கொழுப்பைக் கிழித்துக்கொண்டு போக இதைவிடக் கூர்மையான ஒயின் கிடையாது. விருந்தில் மிளகாயே இல்லை, சியோ பாக்தான் நாயகன் என்றால் 2001, 2004 அல்லது 2010 பரோலோவைத் தயங்காமல் எடுக்கலாம். குறை என்ன? ஆல்கஹால் 14 விழுக்காடு அல்லது மேலே. வாயில் துளி மிளகாய் இருந்தாலும் அந்தச் சாராயச் சூடு எரிச்சலை இரட்டிப்பாக்கும். சியோ பாக்கில் போடும் சீன ஐந்து மசாலாத் தூள் கொஞ்சம் தூக்கலாகப் போனாலும் ரோஜா வாசம் அடங்கிப்போகும்.

ரியோஹா க்ரான் ரெசர்வாவின் பெருமை அது முதிரும் இடத்தில் இருக்கிறது. மற்ற மூன்றும் பெரும்பாலும் இளசாகவே விற்பனைக்கு வரும். வாங்கியவர், அவரிடம் வாங்கியவர், அவருக்கு அடுத்தவர் என்று கை மாறித்தான் முதிரும். க்ரான் ரெசர்வா குறைந்தது 5 ஆண்டு, அதில் 2 ஆண்டாவது ஓக் பீப்பாயில், தயாரித்தவரின் சொந்த நிலவறையிலேயே கிடந்து வெளியே வரும். ஹாரோ நகரின் லோபெஸ் தே எரேடியா போன்ற பழைய வீடுகள் சட்டம் கேட்பதைவிடப் பல ஆண்டு கூடுதலாக வைத்திருந்தே விடுகின்றன. பிறந்த வீட்டிலேயே முதிர்ந்து வந்த ஒயினுக்கு வெப்பமண்டலத்தில் கழிந்த காலம் குறைவு. பினாங்கில் வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

சுவையிலும் பொருந்துகிறது. டெம்ப்ரனியோ திராட்சைக்குப் புளிப்பு அளவானது. பாரம்பரிய முறையில் அமெரிக்க ஓக்கில் கிடந்ததால் வெனிலாவும் லேசான தேங்காயும் வரும். அது பட்டை, அன்னாசிப்பூ போட்ட தௌ யூ பாக்கோடு தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். டானின் மிருதுவாகிவிட்டதால் கிச்சாப்பில் கசக்காது. ஆல்கஹால் 13, 13.5 அளவில் நிற்கும். ரியோஹாவின் ஒழுங்குமுறை வாரியம் 2001, 2004, 2005, 2010 ஆகிய ஆண்டுகளுக்கு மிக உயர்ந்த தரம் கொடுத்தது. அந்த ஆண்டுகள் கையில் கிடைத்தால் நல்லது. சியோ பாக், தௌ யூ பாக் இரண்டையும் ஒரே ஒயினால் தாங்க முடியும் என்பது மற்ற மூன்றுக்கும் இல்லாத குணம்.

வெள்ளையை ஏன் பெரிதாகப் பேசுவதில்லை என்பது புரியவில்லை

பன்றி என்றதும் சிவப்பைத் தேடுவது பழக்கம். ஜெர்மனியிலும் அல்சாஸிலும் பன்றியோடு காலங்காலமாக ரீஸ்லிங்தான் குடிக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டில் மிளகாய் இல்லை. நம் சாப்பாட்டில் இருப்பதால் நமக்கு ரீஸ்லிங் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வறுவலுக்கு வேண்டியது மூன்று: ஆல்கஹால் குறைவு, இனிப்பு கொஞ்சம், புளிப்பு நிறைய. மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் மூன்றும் இருக்கிறது. ஆல்கஹால் 7.5 முதல் 9 விழுக்காடுதான். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் தெரியாமல் பலர் தவறு செய்கிறார்கள். கபினெட், ஷ்பேட்லேசே, ஆவுஸ்லேசே என்பது அறுவடையில் திராட்சை பழுத்திருந்த அளவைக் குறிக்கும் படிநிலை. பொதுவாக மேலே போகப் போக இனிப்பு கூடும். போத்தலில் ஆண்டுகள் கழிந்தால் சர்க்கரையின் அளவு குறைவதில்லை. ஆனால் நாக்குக்குத் தெரியும் இனிப்பு குறைந்துகொண்டே வரும். 15 ஆண்டுக் கபினெட்டைக் குடித்தால் கிட்டத்தட்ட இனிப்பே இல்லாதது போலிருக்கும். வறுவலின் காரத்துக்கு அது போதாது. இளம் ஒயினில் ஷ்பேட்லேசே எடுப்பவர், முதிர்ந்ததில் ஒரு படி மேலே போய் ஆவுஸ்லேசே எடுக்க வேண்டும். 2001, 2005, 2007 மோசலுக்கு நல்ல ஆண்டுகள்.

முதிர்ந்த ரீஸ்லிங்கைத் திறந்ததும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாசம் வரும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். திராட்சைத் தோலில் உள்ள கரோட்டினாய்டுகள் காலப்போக்கில் உடைந்து உருவாகும் ஒரு சேர்மத்தின் வாசம் அது. வெயில் அதிகம் பட்ட திராட்சையில் கூடுதலாக வரும். கறிவேப்பிலை, சோம்பு, மிளகு மூன்றின் பக்கத்தில் அது வியப்பாக இணங்கிப்போகிறது.

லோபாக்குக்கு இரண்டு வழிகள். முதிர்ந்த ஷாம்பேன் ஒரு வழி. பாலாடை போல மெல்லிய சோயாத் தோலில் சுற்றி எண்ணெயில் பொரித்ததற்கு அந்த நுரையும் புளிப்பும் மிக நன்றாக இருக்கும், விலையைத் தவிர. மற்றது ஆஸ்திரேலிய ஹண்டர் பள்ளத்தாக்கின் செமியோன். 10, 11 விழுக்காடு ஆல்கஹாலில், ஓக் படாமல் செய்யப்படும் இந்த ஒயின் இளமையில் எலுமிச்சைத் தண்ணீர் போல வெறுமையாக இருக்கும். பத்து ஆண்டு போனால் வெண்ணெய் தடவி வாட்டிய ரொட்டியின் மணம் வந்துவிடும், மரமே படாத ஒயினில். விலையையும் சேர்த்துப் பார்த்தால் செமியோனுக்கே எங்கள் வாக்கு. இன்னொரு காரணமும் உண்டு: இப்போது பெரும்பாலும் திருகுமூடியில் வருகிறது. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து திருகுமூடிக்கு மாறினார்கள். தக்கையால் வரும் பூசண வாசம் இதில் இல்லை, போத்தலுக்குப் போத்தல் வேறுபாடும் குறைவு.

சமையலில் எங்கே கையைக் கட்ட வேண்டும்

சியோ பாக்: எட்டுப் பேருக்கு, மற்ற வகைகளும் இருப்பதால், 1.3 கிலோ வயிற்றுப் பகுதி போதும். தோலைப் பத்து நிமிடம் கொதிநீரில் வைத்து எடுத்து, ஊசிகளால் நெருக்கமாகக் குத்தவேண்டும். தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊசி இறைச்சிவரை இறங்கினால் வேகும்போது சாறு மேலே ஏறி, தோல் பொரியாமல் செருப்புத் தோலாகிவிடும். உப்பும் ஐந்து மசாலாவும் இறைச்சிப் பக்கம் மட்டும். தோலில் வினிகர் தடவி, மூடாமல் ஐஸ் பெட்டியில் 24 மணி நேரம். பிறகு 180 டிகிரியில் 45 நிமிடம், 230 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், வெளியே எடுத்து 10 நிமிடம் ஓய்வு. வழக்கமாகக் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி ஐந்து மசாலா போடுபவர்கள் அன்றைக்கு அரைத் தேக்கரண்டியோடு நிறுத்த வேண்டும். அதிலுள்ள கிராம்பு நாக்கை மரக்கச் செய்யும், பழைய ஒயினின் நுண்ணிய வாசத்துக்கு அது எமன். தொட்டுக்கொள்ளக் கடுகு வேண்டாம், இனிப்பான ஹொய்சின் சாஸ் வேண்டாம். பரல் உப்பு ஒரு சிட்டிகை போதும்.

பினாங்குக் காற்றின் ஈரத்தில் அந்த மொறுமொறுப்பு அரை மணி நேரம் தாங்குவதே பெரிது. கத்தி இறங்கும்போது தோல் உடையும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அந்தச் சத்தம் இருக்கும்போதே தட்டும் ஒயினும் ஒன்றாக மேசைக்குப் போகவேண்டும்.

தௌ யூ பாக்கை முந்தின நாளே செய்து, ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டுச் சூடுபடுத்தினால் ஒயினுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. ஒரு கிலோவுக்குக் கறுப்புக் கிச்சாப் 2 மேசைக்கரண்டி, வெளிர் கிச்சாப் 3, ஒரு முழுப் பூண்டு, அன்னாசிப்பூ 1, ஒரு துண்டுப் பட்டை, தண்ணீர் ஒரு லிட்டர், சிறுதீயில் ஒன்றே கால் மணி நேரம். கற்கண்டு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகக்கூடாது. சாப்பாடு ஒயினைவிட இனித்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். வழக்கமாகப் போடும் முட்டையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்; மஞ்சள் கரு நாக்கில் பூச்சுப் போலப் படிந்து சிவப்பு ஒயினின் வாசத்தை மறைத்துவிடும். கூட வெறும் வெள்ளைச் சோறு. அது வாயைத் துடைத்துக் கொடுக்கும். தௌ யூ பாக்குக்குப் பதில் சார் சியூ (இனிப்புப் பூச்சுப் பூசி வாட்டிய பன்றி) வைக்க நினைத்தால், அதன் மால்டோஸ் இனிப்பு ரியோஹாவைக் கொன்றுவிடும். அதை ரீஸ்லிங் பக்கம், வறுவலோடு கொண்டுபோங்கள்.

சூப்புக்கு ஒயின் ஊற்றவேண்டாம். வெள்ளை மிளகைப் பாதியாகக் குறையுங்கள். மடெய்ரா போத்தல் திறந்திருந்தால் ஒரு தேக்கரண்டி கிண்ணத்தில் விடலாம். சூப் வரும் நேரத்தை ஓர் இடைவேளையாக வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு முடிந்து ரீஸ்லிங் வரும்வரை.

வறுவலுக்குக் கொஞ்சம் கொழுப்புள்ள தோள் பகுதி ஒரு கிலோ, சின்ன வெங்காயம் 200 கிராம், சோம்பு, கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு. வீட்டில் பதினைந்து காய்ந்த மிளகாய் போடுவார்கள் என்றால் இங்கே நான்கு. காரத்தை மிளகு சுமக்கட்டும், 2 தேக்கரண்டி கொரகொரப்பாக இடித்தது. தக்காளி, புளி, வினிகர் எதுவும் வேண்டாம். சாப்பாட்டில் புளிப்பு ஏறினால் ஒயினின் புளிப்பு காணாமல் போய்ச் சப்பென்று ஆகிவிடும். ரீஸ்லிங்கின் உயிரே அந்தப் புளிப்பு. காரமில்லாத வறுவல் வறுவலா என்று கேட்பவர்களுக்கு வறுத்த மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம்.

வெக்கை

பழைய ஒயினைப் பத்திரப்படுத்தும் வெப்பம் 12 முதல் 14 டிகிரி. ஜார்ஜ்டவுனில் பகலில் 31, 32 டிகிரி. இரவிலும் 24 அளவில்தான் இறங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அலமாரியில் வைத்த ஒயின் சீக்கிரம் முதிர்வதாக நினைக்கக்கூடாது, வெந்துபோகிறது. வேகவைத்த உலர்ந்த பிளம் பழம் போன்ற வாசம் வந்தால் அதுதான் அடையாளம்.

கடையில் கேட்க வேண்டியவை சிலதான். குளிர்க் கொள்கலனில் வந்ததா? எப்போது வந்தது? கடையில் எங்கே வைத்திருந்தார்கள்? பிறகு உங்கள் கண்ணால் பாருங்கள். ஒயினின் மட்டம் போத்தலின் கழுத்துக்குள் இருக்கவேண்டும். இருபது ஆண்டுப் போத்தலில் தோள் மேற்பக்கம்வரை இறங்கியிருந்தால் பரவாயில்லை, அதற்கும் கீழே என்றால் வேண்டாம். தக்கை மேலே பிதுங்கியிருந்தாலோ, உறையின் ஓரத்தில் பிசுபிசுப்பான கசிவு இருந்தாலோ அந்தப் போத்தல் எங்கோ சூடு பட்டிருக்கிறது. ஒயினுக்கான குளிர்பெட்டி வீட்டில் இல்லையென்றால் விருந்துக்கு இரண்டு வாரத்துக்குள் வாங்கி, சாதாரண ஐஸ் பெட்டியில் வையுங்கள். கடைசி வேலையாக ஒயினை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போங்கள். பூலாவ் தீக்குஸ் பாசாரில் இறைச்சி வாங்கும் நேரம், வெயிலில் நிற்கும் காருக்குள் போத்தல் கிடந்தாலே போதும், இருபது ஆண்டு வீண்.

இந்தக் கவலையே இல்லாத ஒயின் மடெய்ரா. தயாரிக்கும் முறையிலேயே அதைச் சூடுபடுத்துகிறார்கள். மலிவானதைத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரிவரை மூன்று மாதமாவது, உயர்ந்ததை வெயில் காயும் மாடிப் பரணில் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில். இனி பினாங்கு வெக்கை அதற்கு என்ன செய்துவிடும்? செர்சியல், வெர்தெல்யோ, புவால், மால்வாசியா என்று இனிப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகும் வரிசை. சாகோவின் குலா மலாக்காவுக்குப் புவால் அல்லது மால்வாசியா, 10 அல்லது 15 ஆண்டு என்று லேபிள் ஒட்டியது. வெல்லப்பாகின் கருகல் வாசம் இரண்டிலும் உண்டு. மடெய்ராவின் புளிப்பு தேங்காய்ப்பாலின் திகட்டலை அறுத்துவிடும். 20 ஆண்டு டானி போர்ட்டும் (பீப்பாயில் முதிர்ந்த போர்ச்சுகல் இனிப்பு ஒயின்) நல்ல மாற்று, ஆனால் அந்தப் புளிப்பு அதில் இல்லை.

எவ்வளவு, எப்படித் திறப்பது

எட்டுப் பேருக்குச் செமியோன் ஒரு போத்தல், ரியோஹா இரண்டு, ஆவுஸ்லேசே ஒன்று, மடெய்ரா ஒன்று. 750 மில்லியில் வண்டலுக்கு 50 போனால் ரியோஹாவில் 700 கிடைக்கும். இரண்டு போத்தலும் சேர்ந்து ஆளுக்கு 175 மில்லி, இரண்டு பதார்த்தத்துக்கும் அது சரியாக வரும். மடெய்ரா ஆளுக்கு 50 மில்லி போதும். மொத்தத்தில் ஒருவருக்குச் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 40 கிராம். மலேசியாவில் 2020 அக்டோபர் முதல் வாகனமோட்டிக்கான வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம். ஆகவே வந்தவர்கள் எல்லோருக்கும் வாடகைக் காரை முன்கூட்டியே பேசிவையுங்கள். அழைக்கும்போதே பன்றி, மது இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் நம் ஊர் மரியாதை.

சிவப்புப் போத்தலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் 15 டிகிரிக்கு வரும்; சமையல் வெப்பமானி இருந்தால் ஊற்றிப் பார்க்கும் முதல் மடக்கில் அளந்துவிடலாம். அறை வெப்பத்தில் பரிமாறுங்கள் என்ற ஐரோப்பிய அறிவுரை அவர்களுடைய குளிர்ந்த அறைக்கானது. நம் மேசையில் 15 டிகிரியில் ஊற்றினால் கிளாஸில் சில நிமிடத்தில் 18க்கு ஏறிவிடும்.

பழைய தக்கை நைந்திருக்கும். திருகாணியை இறக்கினால் பொடியாகும். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இருபுறமும் மாறி மாறி அழுத்தி இறக்கி, சுழற்றிக்கொண்டே இழுக்கும் கருவி ஒன்று உண்டு, ஆ-சோ என்பார்கள். அதை வாங்கிவிடுங்கள். தக்கை வந்தபின் போத்தல் வாயைத் துடைத்து, கழுத்துக்குக் கீழே ஒரு கைவிளக்கை வைத்து, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே சீராக ஊற்றுங்கள். முதலில் தெளிவாக ஓடும். கடைசி மூன்று விரல் அளவில் கழுத்துக்குள் புகைபோல ஒரு கறுப்பு இழை நகர்ந்து வரும். அது தெரிந்த கணத்தில் கையை நிமிர்த்திவிடவேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி சாய்த்தால் வண்டல் கலங்கிவிடும்.

எப்போது ஊற்றுவது? ரியோஹாவை சியோ பாக் அடுப்பிலிருந்து வெளியே வரும்போது ஊற்றினால் சரி. பரோலோ என்றால் இரண்டு மணி நேரம் முன்பே திறக்கவேண்டும். பர்கண்டியைக் குடுவைக்கே மாற்றாமல் போத்தலிலிருந்து நேராக ஊற்றுங்கள். திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள்: நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கைப் பூசணம், காத்திருந்தாலும் போகாது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள், வினிகர் என்றால் காற்று உள்ளே புகுந்துவிட்டது. ஆகவே இளம் ரியோஹா ரெசர்வா (க்ரான் ரெசர்வாவுக்கு ஒரு படி கீழே) ஒன்றை மாற்றுக்கு எப்போதும் வைத்திருங்கள். பழைய போத்தலில் எவரும் உத்தரவாதம் தரமுடியாது.

வீட்டு வாசனைகளையும் நினைத்துப் பார்க்கவேண்டும். சாம்பிராணி போட்ட கூடத்தில் முதிர்ந்த ஒயினின் மணம் எவர் மூக்குக்கும் எட்டாது. அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். மேசையில் மல்லிகைச் சரம் வேண்டாம். வறுவலின் தாளிப்பை, சிவப்பு குடித்து முடிந்து சூப் பரிமாறும்போது ஆரம்பியுங்கள். கறிவேப்பிலை எண்ணெயில் வெடிக்கும் வாசம் கூடத்துக்கு வரும் நேரத்தில் கிளாஸில் ரீஸ்லிங் இருக்கட்டும்.

செலவைச் சுருக்க வேண்டுமானால் முதலில் செமியோனை விடலாம். ஆவுஸ்லேசேவுக்குப் பதில் பத்து ஆண்டு ஷ்பேட்லேசே இரண்டு போத்தல் வாங்கி லோபாக்குக்கும் வறுவலுக்கும் அதையே ஊற்றுங்கள். லோபாக்குக்கு ஊற்றிய இனிப்புக்குப் பிறகு ரியோஹா சற்று விறைப்பாகத் தெரியும். நடுவில் ஒரு வாய் சோறும் தண்ணீரும் கொடுத்தால் சரியாகிவிடும். அடுத்துக் குறைப்பதென்றால் ரியோஹாவை ஒரு போத்தலாக்கி சியோ பாக்குக்கு மட்டும். மடெய்ராவைக் கடைசிவரை விடாதீர்கள்.

மிஞ்சினால் என்ன செய்வது? ரியோஹா மறுநாள் காலைக்குள் தளர்ந்துவிடும், அன்றிரவே முடித்துவிடுங்கள். ரீஸ்லிங்கை ஐஸ் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். மடெய்ரா மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். சியோ பாக்கின் எலும்பும் மிச்சத் துண்டுகளும் மறுநாள் கடுகுக்கீரையும் புளியும் காய்ந்த மிளகாயும் போட்ட ‘கியாம் சாய் போய்’ என்ற குழம்புக்குப் போகட்டும். அந்தப் புளிப்புக்கும் காரத்துக்கும் எந்த ஒயினும் வேண்டாம், கட்டங்காப்பி போதும்.